தொழிலாளர் சட்டத்துக்கான வழக்கறிஞர் நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது: பணியாளருக்கான முழுமையான வழிகாட்டி

பணிநீக்கக் கடிதம் கைக்கு வந்த இரவில் பெரும்பாலானோர் செய்கிற முதல் காரியம், தொழிலாளர் சட்டத்தில் முன்னணியில் இருக்கும் வழக்கறிஞர் நிறுவனம் எது என்று தேடுவதுதான். பெயர்கள் உடனே கிடைத்துவிடும். புகழ்பெற்ற பெயர்களாகவும் இருக்கும். மறுநாள் காலையில் அவற்றில் ஒன்றுக்குத் தொலைபேசியில் பேசும்போதுதான், அந்த நிறுவனம் பணியாளர்களுக்காக வாதாடுவதே இல்லை என்பது தெரியவரும். இன்னொரு நிறுவனம், உங்கள் நிர்வாகமே தங்களுடைய கட்சிக்காரர் என்று சொல்லி விலகிக்கொள்ளும். இப்படி ஒரு வாரம் கழிந்துவிட்டால், சில நாடுகளில் வழக்குத் தொடுப்பதற்குச் சட்டம் கொடுத்த காலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள்.

தொழிற்சங்க அலுவலகம் ஒன்றில் உறுப்பினர்களுக்கு மனு எழுதித் தரும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். வழக்கறிஞரின் அறைக்குள் நுழைவதற்கு முன்பே பாதி தோற்றுப்போன வழக்குகளை அங்கே பார்த்திருக்கிறேன். தவறான கதவைத் தட்டியதாலும், தாமதித்ததாலும், யோசிக்காமல் கையெழுத்துப் போட்டதாலும் அவை தோற்றன. ஆகவே இந்த வழிகாட்டியைச் சிறந்த நிறுவனங்களின் பட்டியலாக எழுதவில்லை. உங்கள் வழக்குக்கு ஏற்ற நிறுவனத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, அதற்கு முன்னும் பின்னும் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்லவே எழுதுகிறேன்.

முதல் படி: நிறுவனம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள்

தொழிலாளர் சட்டத்தில் பெயர்பெற்ற பெரிய நிறுவனங்களில் பெரும்பாலானவை நிர்வாகங்களுக்காகப் பணியாற்றுபவை. அமெரிக்காவில் இதை மிகத் தெளிவாகக் காணலாம். 1942இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பட்ட லிட்லர் நிறுவனம், நிர்வாகத் தரப்புக்காக மட்டுமே இயங்குவதாக வெளிப்படையாகவே அறிவித்துக்கொள்கிறது. ஜாக்சன் லூயிஸ், ஓகில்ட்ரீ டீக்கின்ஸ், ஃபிஷர் பிலிப்ஸ் ஆகியவையும் அதே தரப்பைச் சேர்ந்தவை. நாடு கடந்த அளவில், 2001இல் உருவான இயுஸ் லபோரிஸ் என்ற கூட்டமைப்பில் பிரிட்டனின் லூயிஸ் சில்கின், பிரான்சின் காப்ஸ்தான் போன்ற நிறுவனங்கள் இணைந்திருக்கின்றன. பல நாடுகளில் கிளைகளை வைத்திருக்கும் முதலாளிகளுக்கு ஒரே குடையின் கீழ் ஆலோசனை தருவதே இத்தகைய கூட்டமைப்புகளின் முதன்மையான வேலை. இந்தியாவில் டிரைலீகல், நிஷித் தேசாய் அசோசியேட்ஸ், சிரில் அமர்சந்த் மங்கள்தாஸ் போன்றவை வேலைவாய்ப்புச் சட்டத்துக்கெனத் தனிப் பிரிவுகளை வைத்திருக்கின்றன. அவற்றின் கட்சிக்காரர்களும் பெரும்பாலும் நிறுவனங்களே.

மறுபக்கத்திலும் நெடிய மரபு இருக்கிறது. பிரிட்டனில் 1921இல் தொடங்கப்பட்ட தாம்சன்ஸ் நிறுவனம், தொழிற்சங்கங்களுக்காகவும் தொழிலாளர்களுக்காகவும் மட்டுமே வாதாடுவது என்ற உறுதியை இன்றுவரை காத்துவருகிறது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் 1919இல் பிறந்த மாரிஸ் பிளாக்பர்ன் நிறுவனமும் தொழிலாளர் இயக்கத்தோடு சேர்ந்து வளர்ந்ததுதான். நியூயார்க்கின் அவுட்டன் அண்ட் கோல்டன் பணியாளர்களின் தரப்பை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. இவை தவிர, இரு தரப்பிலும் வழக்கு எடுக்கும் நிறுவனங்களும் எல்லா நாடுகளிலும் உண்டு.

பெரிய பெயரைப் பார்த்து மயங்காமல், அந்த நிறுவனம் கடந்த ஆண்டுகளில் யாருக்காக நீதிமன்றத்தில் நின்றது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். நிர்வாகத்துக்காக வாதாடுவது தவறான தொழில் அன்று. அவர்களில் நேர்மையும் ஆழ்ந்த புலமையும் உடையோர் பலர் இருக்கிறார்கள். ஆனால் பணியாளரிடம் விளக்கம் கேட்கும் குறிப்பாணைகளை ஆண்டு முழுவதும் நிர்வாகத்துக்காக எழுதிக்கொடுப்பவருக்கு, அந்தக் குறிப்பாணையைப் பெற்றவரின் நிலையிலிருந்து ஒரு வழக்கைக் கட்டியெழுப்பும் பழக்கம் குறைவாகவே இருக்கும். இரு தரப்பிலும் வழக்கு எடுப்பவர்களுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. எதிர்த்தரப்பு எந்த இடத்தில் பின்வாங்கும், எந்தத் தொகைக்குச் சம்மதிக்கும் என்பதை அவர்கள் நன்றாகவே கணிப்பார்கள். நடுத்தரமான ஒரு தகராறுக்கு அப்படிப்பட்டவரே போதும் என்பது என் கருத்து. பாகுபாடு, பாலியல் துன்புறுத்தல், சங்கத்தில் சேர்ந்ததற்காகப் பழிவாங்கல் போன்றவற்றில், தொழிலாளர் தரப்பிலேயே ஊறியவரைத்தான் தேடச் சொல்வேன்.

இரண்டாம் படி: கடைசி நாளைக் கண்டுபிடியுங்கள்

வழக்கறிஞரைத் தேடுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியது, உங்கள் வழக்கின் காலவரம்பு. சொத்துத் தகராறுகளில் ஆண்டுக்கணக்கில் அவகாசம் இருப்பதைக் கண்டு பழகிய நமக்கு, வேலைத் தகராறுகளில் அது எவ்வளவு குறுகியது என்பது அதிர்ச்சியளிக்கும்.

ஜெர்மனியில் எழுத்து வடிவிலான பணிநீக்கக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து மூன்று வாரங்களுக்குள் தொழிலாளர் நீதிமன்றத்தை அணுக வேண்டும். தவறினால், கடிதத்தில் எவ்வளவு பிழை இருந்தாலும் அந்தப் பணிநீக்கம் பொதுவாகச் செல்லுபடியானதாகவே கொள்ளப்படும். ஆஸ்திரேலியாவில் நியாயமற்ற பணிநீக்கத்துக்கு எதிராக ஃபேர் வொர்க் ஆணையத்திடம் மனுச் செய்ய 21 நாட்கள்தான். சிங்கப்பூரில் தவறான பணிநீக்கம் குறித்த கோரிக்கையை, வேலையின் கடைசி நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் சமரசத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மலேசியாவில் 1967ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு 60 நாட்கள் தருகிறது. நியூசிலாந்தில் 90 நாட்கள். இலங்கையில் தொழில் நியாய சபைக்குச் செல்ல ஆறு மாதங்கள். பிரிட்டனில் நீண்ட காலமாக மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு என்பதே விதி. 2025ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டம் அதை ஆறு மாதங்களாக நீட்டிக்க வழிசெய்திருக்கிறது, ஆனால் அந்த மாற்றம் எந்தத் தேதியிலிருந்து உங்கள் வழக்குக்குப் பொருந்தும் என்பதைத் தனியே உறுதிசெய்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் பாகுபாடு குறித்த புகாரைச் சமவாய்ப்பு ஆணையத்திடம் 180 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். மாநிலத்திலும் அதற்கான அமைப்பு இருந்தால் அது 300 நாட்களாக நீளும். ஆணையம் வழக்குத் தொடுக்கும் உரிமைக் கடிதத்தைத் தந்த பிறகு, நீதிமன்றம் செல்ல 90 நாட்களே உண்டு.

காலவரம்பு எந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது என்பது அதைவிட நுட்பமான கேள்வி. கடிதத்தில் போட்டிருக்கும் தேதியா, அது கையில் கிடைத்த தேதியா, வேலை உண்மையில் முடிவுக்கு வந்த தேதியா என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஒருமுறை ஒரு நடுவயதுக்காரர் எங்கள் அலுவலகத்துக்குத் தம் காகிதங்களையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்தார். பணிநீக்கக் கடிதத்தில் மாதத்தின் 3ஆம் தேதி இருந்தது. தமக்கு அது 19ஆம் தேதிதான் வந்தது என்று அவர் உறுதியாகச் சொன்னார். அஞ்சல் முத்திரை பதிந்த உறையைக் கேட்டேன். வீட்டைக் கூட்டும்போது தூக்கிப் போட்டுவிட்டதாகச் சொன்னார். அந்தப் பதினாறு நாட்களை நிறுவுவதற்காக அஞ்சல் நிலையத்துக்கும் எங்கள் அலுவலகத்துக்குமாக அவர் அலைந்த அலைச்சல் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து யாரைப் பார்த்தாலும் நான் முதலில் சொல்வது, கடிதத்தைவிட உறையைப் பத்திரமாக வையுங்கள் என்பதுதான். மின்னஞ்சலில் வந்திருந்தால், அது வந்த நேரத்தோடு சேர்த்து அச்செடுத்து வையுங்கள்.

நிர்வாகத்தினுள்ளேயே மேல்முறையீடு செய்திருப்பவர்கள் ஒரு பிழையை அடிக்கடி செய்கிறார்கள். மேல்முறையீட்டின் முடிவு வரட்டும், பிறகு வழக்கறிஞரைப் பார்க்கலாம் என்று காத்திருக்கிறார்கள். பல நாடுகளில் உள்முறையீடு நடந்துகொண்டிருப்பது காலவரம்பை நிறுத்திவைப்பதில்லை.

மூன்றாம் படி: உங்கள் தகராறு எந்த மன்றத்துக்குரியது, அங்கே வழக்கறிஞருக்கு இடமுண்டா

இது பலருக்கும் தெரியாத செய்தி. எல்லாத் தொழிலாளர் மன்றங்களிலும் வழக்கறிஞர் வந்து வாதாட முடியாது. சிங்கப்பூரில் 2017 முதல் இயங்கிவரும் வேலைவாய்ப்புக் கோரிக்கைத் தீர்ப்பாயங்களில் வழக்கறிஞர்களுக்கு அனுமதி இல்லை. இந்தியாவில் 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தின் 36ஆம் பிரிவு, சமரச நடவடிக்கைகளில் வழக்கறிஞர் தோன்றுவதைத் தடுத்தது. தொழிலாளர் நீதிமன்றத்திலும் எதிர்த்தரப்பின் சம்மதமும் நீதிமன்றத்தின் அனுமதியும் இருந்தால்தான் வழக்கறிஞர் தோன்ற முடியும் என்றது. வசதியுள்ள நிர்வாகம் பெரிய வழக்கறிஞரைக் கொண்டுவந்து தொழிலாளியைத் திணறடிக்கக் கூடாது என்ற எண்ணமே அதன் பின்னால் இருந்தது. தொழிலாளர் சார்பில் பதிவு பெற்ற தொழிற்சங்கத்தின் நிர்வாகி தோன்றுவதற்கு அதே சட்டம் வழிவிட்டது. ஜெர்மனியின் தொழிலாளர் நீதிமன்றங்களிலும் சங்கத்தின் பிரதிநிதி உறுப்பினருக்காக வாதாடலாம். அங்குள்ள தொழிற்சங்கக் கூட்டமைப்பு இதற்கென்றே தனிச் சட்ட அமைப்பை நடத்துகிறது.

ஆகவே நீங்கள் சங்க உறுப்பினராக இருந்தால், வெளியே யாரையும் தேடுவதற்கு முன் சங்கத்திடம் போங்கள். சங்கத்துக்கென நிலையான வழக்கறிஞர்கள் இருப்பார்கள். உங்கள் நிர்வாகத்தை அவர்கள் ஏற்கெனவே அறிந்திருப்பார்கள். உறுப்பினர் அல்லாதவர்கள் இலவசச் சட்ட உதவிக்குத் தகுதியுண்டா என்று பார்க்க வேண்டும். இந்தியாவின் 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் அதிகாரக் குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவில், இலவச உதவிக்கு உரியோர் பட்டியலில் பெண்களும் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் இருப்பது பலருக்குத் தெரியும். தொழிற்சாலைத் தொழிலாளரும் அதே பட்டியலில் தனியாகச் சேர்க்கப்பட்டிருப்பதும், அவருக்கு வருமான வரம்பு பார்க்கப்படுவதில்லை என்பதும் தொழிலாளர்களுக்கே தெரியாமல் இருப்பதுதான் வருத்தமாக இருக்கிறது.

மன்றத்தைத் தீர்மானிப்பது உங்கள் பதவியும்தான். மேற்பார்வை, நிர்வாகப் பொறுப்புகளில் இருப்பவர்களைப் பல நாடுகளின் தொழிலாளர் சட்டங்கள் தொழிலாளி என்ற வரையறைக்குள் சேர்ப்பதில்லை; அவர்களின் வழக்கு சாதாரண உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே தேவைப்படும் வழக்கறிஞர் வேறு வகையானவர். பதவியின் பெயர் மேலாளர் என்றிருந்தாலும், நாள் முழுவதும் நீங்கள் உண்மையில் செய்த வேலை என்ன என்பதை நீதிமன்றங்கள் பார்க்கும் என்பதால், அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: காகிதங்களை அடுக்குங்கள், ஒரு பக்கத்தில் காலவரிசை எழுதுங்கள்

நியமன ஆணை, ஒப்பந்தம், அதன் பின்வந்த மாற்றங்கள், கடைசி ஓராண்டின் சம்பளச் சீட்டுகள், பணித்திறன் மதிப்பீடுகள், எச்சரிக்கைக் கடிதங்கள், அவற்றுக்கு நீங்கள் கொடுத்த பதில்கள், விடுப்பு விண்ணப்பங்கள், உள்விசாரணை நடந்திருந்தால் அதன் பதிவுகள், இறுதியாகப் பணிநீக்க ஆணை. இவற்றைத் தேதி வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுங்கள்.

பிறகு ஒரே ஒரு தாளில் காலவரிசையை எழுதுங்கள். இடப்பக்கம் தேதி, நடுவில் நடந்தது, வலப்பக்கம் அதற்குச் சான்றாக உள்ள காகிதத்தின் எண். உணர்ச்சிகளுக்கு அங்கே இடம் வேண்டாம். “மேலாளர் என்னை எப்போதும் அவமானப்படுத்துவார்” என்று எழுதினால் வழக்கறிஞரால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. “12ஆம் தேதி காலைக் கூட்டத்தில், ஆறு பேர் முன்னிலையில், கர்ப்பிணிகளை வைத்துக்கொண்டு வேலை வாங்க முடியாது என்று மேலாளர் சொன்னார், கூட்டத்தில் இருந்த இருவர் அதைச் சொல்ல முன்வருகிறார்கள்” என்று எழுதினால், அந்த ஒரு வரியே வழக்கின் தூணாகலாம். இத்தாள் தயாராக இருந்தால், முதல் சந்திப்பின் ஒரு மணி நேரத்தில் நாற்பது நிமிடம் கதை சொல்வதில் கரையாது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். சான்று சேர்க்கிறேன் என்று அலுவலகத்தின் ரகசிய ஆவணங்களையோ வாடிக்கையாளர் விவரங்களையோ உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளாதீர்கள். நியாயம் முழுவதும் உங்கள் பக்கம் இருந்தாலும், அந்த ஒரு செயல் நிர்வாகத்துக்குப் புதிய குற்றச்சாட்டைத் தந்துவிடும். அதேபோல, வழக்கறிஞரோடு பேசும் கடிதப் போக்குவரத்து எதையும் அலுவலகக் கணினியிலோ அலுவலக மின்னஞ்சலிலோ வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஐந்தாம் படி: தரவரிசைகளைப் படிக்கும் முறை

சேம்பர்ஸ், லீகல் 500 ஆகிய இரண்டும் உலகெங்கும் வழக்கறிஞர்களைத் தரப்படுத்தும் புகழ்பெற்ற வெளியீடுகள். நிறுவனங்கள் தாங்கள் நடத்திய முக்கியமான பணிகளின் விவரங்களையும், கருத்துக் கேட்கக்கூடிய கட்சிக்காரர்களின் பெயர்களையும் அளிக்கின்றன. ஆய்வாளர்கள் அவர்களையும் சக வழக்கறிஞர்களையும் விசாரித்து, முதல் வரிசை, இரண்டாம் வரிசை என்று அடுக்குகிறார்கள். உழைப்போடு செய்யப்படும் வேலைதான் அது, ஒதுக்கத்தக்கதன்று. ஆனாலும் பெரிய நிறுவனங்களுக்குப் பெரிய பணிகளைச் செய்பவர்களே அதில் எளிதாகக் கண்ணில் படுவார்கள். நூறு துப்புரவுப் பணியாளர்களுக்கு நிலுவைச் சம்பளம் வாங்கிக்கொடுத்த ஒருவர் அந்தப் பட்டியலுக்கு விண்ணப்பிக்கவே நேரமில்லாதவராக இருக்கலாம்.

ஆகவே தலைப்பைக் கவனித்துப் படியுங்கள். பிரிட்டனுக்கான பட்டியலில் சேம்பர்ஸ் வெளியீடு நிர்வாகத் தரப்பையும், பணியாளர் மற்றும் தொழிற்சங்கத் தரப்பையும் தனித்தனியாக வரிசைப்படுத்துகிறது. அமெரிக்கப் பட்டியலிலும் பெரும்பாலும் வாதிகளுக்காக வழக்காடுவோர் என்ற தனிப்பகுதி உண்டு. முதலாளிகளுக்கான பட்டியலின் முதல் வரிசையைவிட, பணியாளருக்கான பட்டியலின் மூன்றாம் வரிசை உங்களுக்கு அதிகப் பயன் தரும். நிறுவனத்தின் பெயரோடு நின்றுவிடாமல், அதன் கீழே தனிநபர்களாகக் குறிப்பிடப்பட்டிருக்கும் வழக்கறிஞர்களின் பெயர்களையும் பாருங்கள்.

தரவரிசையைவிட நம்பத்தக்க வேறு அடையாளங்களும் உண்டு. ஜெர்மனியில் தொழிலாளர் சட்டச் சிறப்பு வழக்கறிஞர் என்ற பட்டத்தை யாரும் தாமாகப் போட்டுக்கொள்ள முடியாது. 120 மணி நேரப் பயிற்சியும், அத்துறையில் தாமே நடத்திய 100 வழக்குகளும் காட்டியவருக்கே வழக்கறிஞர் மன்றம் அதை வழங்குகிறது. அதன் பிறகும் ஆண்டுதோறும் 15 மணி நேரப் பயிற்சியைத் தொடர வேண்டும். அமெரிக்காவில் 1985இல் உருவான தேசிய வேலைவாய்ப்பு வழக்கறிஞர் சங்கம் பணியாளர் தரப்பு வழக்கறிஞர்களின் அமைப்பு. இப்படிப்பட்ட முறை இல்லாத நாடுகளில், தொழிலாளர் நீதிமன்றத்தின் தீர்ப்புகளையே எடுத்துப் பாருங்கள். உங்கள் தகராறு போன்ற வழக்குகளில் தொழிலாளிக்காகத் தோன்றியவர்களின் பெயர்கள் தீர்ப்பின் முகப்பிலேயே இருக்கும். அதைவிட நேர்மையான விளம்பரம் எந்த வழக்கறிஞருக்கும் கிடையாது.

ஆறாம் படி: முதல் சந்திப்பு

மூன்று பெயர்களைத் தேர்ந்துகொண்டு, முதலில் நல முரண்பாடு இருக்கிறதா, அதாவது உங்கள் நிர்வாகமும் அவர்களுடைய கட்சிக்காரரா என்று கேளுங்கள். உங்கள் நிர்வாகத்தின் பெயரையும் அதன் தாய் நிறுவனத்தின் பெயரையும் சொன்னால், அவர்கள் தங்கள் பதிவேட்டைப் பார்த்துச் சொல்வார்கள். அதற்கு முன்பு வழக்கின் விவரங்களைக் கொட்டிவிடாதீர்கள்.

நல்ல வழக்கறிஞரை அவர் கேட்கும் கேள்விகளைக் கொண்டு அறியலாம். கடிதம் என்றைக்குக் கிடைத்தது, எதிலாவது கையெழுத்துப் போட்டீர்களா, ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்களா, சங்க உறுப்பினரா, சட்டச் செலவுக் காப்பீடு இருக்கிறதா, இப்போது வேறு வேலை தேடுகிறீர்களா ஆகியவற்றை அவர் முதல் பத்து நிமிடங்களிலேயே கேட்டுவிடுவார். கடைசிக் கேள்வி பலரைப் புண்படுத்துகிறது. வேலையைத் திரும்பக் கேட்கிறவனிடம் வேறு வேலை தேடுகிறாயா என்கிறாரே என்று நினைத்துக்கொள்கிறார்கள். பல நாடுகளின் சட்டங்கள், பணியாளர் தம் இழப்பைக் குறைக்க முயன்றாரா என்று பார்த்துத்தான் இழப்பீட்டைக் கணக்கிடுகின்றன. ஆகவே விண்ணப்பித்த வேலைகளின் பட்டியலை வைத்திருப்பது உங்களுக்கே நல்லது.

நீங்களும் கேட்க வேண்டியவை உண்டு. என் வழக்கின் பலவீனம் எது என்று கேளுங்கள். பலவீனமே இல்லை என்று சொல்பவரிடமிருந்து விலகுங்கள். இந்த வழக்கை நாள்தோறும் கவனிக்கப்போவது யார் என்று கேளுங்கள். முதல் நாள் பேசிய மூத்தவர் பிறகு தென்படாமல், புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம் கோப்பு கைமாறுவது பெரிய நிறுவனங்களில் சாதாரணம். இளையவர் கவனிப்பதில் தவறில்லை, கட்டணமும் குறையும். ஆனால் விசாரணை நாளில் யார் நிற்பார் என்பது முன்கூட்டியே தெரிய வேண்டும். கடைசியாக, வேலையைத் திரும்பப் பெறுவது, இழப்பீடு, நல்ல சான்றுக் கடிதத்தோடு விலகுவது ஆகிய மூன்றில் எது நடைமுறையில் கிடைக்கும் என்று கேளுங்கள். உங்களுக்கு எது வேண்டும் என்பதை அதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்திருக்க வேண்டும். மானத்துக்காக வழக்காடுகிறேன் என்பவருக்கும் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக வழக்காடுகிறேன் என்பவருக்கும் ஒரே உத்தி பொருந்தாது. இரண்டுமே மதிக்கத்தக்க காரணங்கள்தான், ஆனால் வழக்கறிஞருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

ஏழாம் படி: கட்டணம்

மணிக்கணக்கில் வாங்குவது, ஒரு வேலைக்கு ஒரு தொகை என்று பேசிக்கொள்வது, வென்றால் கிடைக்கும் தொகையில் பங்கு எடுப்பது என மூன்று முறைகள் பரவலாக உண்டு. பங்கு முறையை எல்லா நாடுகளும் அனுமதிப்பதில்லை. இந்திய வழக்கறிஞர்களுக்கான நடத்தை விதிகள் அதைத் தடுக்கின்றன. பிரிட்டனில் வேலைவாய்ப்பு வழக்குகளில் அப்பங்கு 35 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. அமெரிக்காவில் மூன்றில் ஒரு பங்கு என்பது வழக்கமான பேச்சு. அதோடு, பாகுபாட்டு வழக்கில் வென்ற பணியாளருக்கு எதிர்த்தரப்பே வழக்கறிஞர் கட்டணத்தைத் தருமாறு நீதிமன்றம் உத்தரவிட முடியும் என்பதால், சிறு தொகைக்கான வழக்கையும் எடுக்க வழக்கறிஞர்கள் முன்வருகிறார்கள்.

வென்றால் செலவுத் தொகை திரும்பக் கிடைக்கும் என்று எண்ணி இறங்க வேண்டாம். ஜெர்மனியின் முதல்நிலைத் தொழிலாளர் நீதிமன்றத்தில் வென்றவரும் தம் வழக்கறிஞர் செலவைத் தாமே ஏற்க வேண்டும். பிரிட்டனின் தீர்ப்பாயங்களிலும் பொதுவாக அவரவர் செலவு அவரவருக்குத்தான். இதன் மறுபக்கம், தோற்றாலும் நிர்வாகத்தின் பெரும் செலவு உங்கள் தலையில் விழாது என்பது. ஏழைத் தொழிலாளிக்கு இது பெரிய பாதுகாப்பு. மூன்று மாதச் சம்பளம் மட்டுமே கேட்கும் வழக்கில் மணிக்கணக்கான கட்டணம் முழுத் தொகையையும் விழுங்கிவிடும். அத்தகைய வழக்குக்கு இலவசச் சமரச அமைப்பே உகந்தது. பிரிட்டனில் ஏகாஸ் என்ற இலவசச் சமரச அமைப்பின் முன்சமரச நடைமுறையைத் தொடாமல் தீர்ப்பாயத்துக்குப் போகவே முடியாது என்பது 2014 முதல் நடைமுறையில் உள்ளது. வீட்டுக் காப்பீட்டிலோ வேறு காப்பீட்டிலோ சட்டச் செலவுக்கான பிரிவு சேர்ந்திருக்கிறதா என்று பழைய பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்.

எட்டாம் படி: கையெழுத்துக்கு முன்

எல்லாவற்றையும்விட அதிகக் கேடு செய்வது அவசரக் கையெழுத்து. மாலை ஐந்து மணிக்குக் கூப்பிட்டு, இரண்டு மாதச் சம்பளம் தருகிறோம், இந்த விலகல் ஒப்பந்தத்தில் இப்போதே கையெழுத்திடுங்கள், நாளைக்கு இந்தத் தொகை இருக்காது என்று சொல்லும் முறை எல்லா இடங்களிலும் ஒன்றுபோலவே இருக்கிறது. எனக்கு மிக நெருங்கிய ஒருவர் அப்படிக் கையெழுத்திட்டார். பதினெட்டு ஆண்டுகளின் பணிக்கொடையையும், ஈட்டிய விடுப்புத் தொகையையும், வழக்குத் தொடுக்கும் உரிமையையும் அந்த ஒரே தாளில் விட்டுக்கொடுத்திருப்பது வீட்டுக்கு வந்து படித்தபோதுதான் அவருக்குப் புரிந்தது. பிறகு அதைச் சவாலுக்கு உட்படுத்த முயன்றோம். நிர்ப்பந்தத்தால் கையெழுத்திட்டேன் என்பதை நிறுவும் பொறுப்பு அவர் மேலேயே விழுந்தது. அறைக்குள் நடந்ததற்கு வேறு சாட்சி இல்லை.

சட்டங்கள் இந்த அபாயத்தை அறிந்தே சில வேலிகளைப் போட்டிருக்கின்றன. பிரிட்டனில், சுதந்திரமான ஆலோசகரிடம் பணியாளர் கருத்துக் கேட்டிருந்தால்தான் இத்தகைய ஒப்பந்தம் அவருடைய சட்டப்பூர்வ உரிமைகளைக் கட்டுப்படுத்தும். அந்த ஆலோசகரின் கட்டணத்தை நிர்வாகமே தருவது வழக்கம். அமெரிக்காவில் 40 வயதோ அதற்கு மேலோ ஆனவர், வயதுப் பாகுபாடு குறித்த உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டுமானால், யோசிக்க 21 நாட்களும், கூட்டாக ஆட்குறைப்பு நடந்தால் 45 நாட்களும், கையெழுத்திட்ட பிறகு மனம் மாறினால் அதைத் திரும்பப் பெற 7 நாட்களும் தர வேண்டும். உங்கள் நாட்டில் எந்த வேலியும் இல்லாவிட்டாலும், “என் வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன்” என்று எழுத்தில் பதில் தருவதை யாரும் தடுக்க முடியாது. நேரில் வற்புறுத்தினால், பெற்றுக்கொண்டேன் என்பதற்கு மட்டும் தேதியோடு ஒப்பமிட்டுத் தாளை வாங்கி வாருங்கள்.

வழக்கறிஞர் அந்த ஒப்பந்தத்தைப் படிக்கும்போது தொகையோடு நிறுத்திவிடாமல், போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற தடை எவ்வளவு காலத்துக்கு, ரகசியக் காப்பு விதி துன்புறுத்தல் குறித்து அதிகாரிகளிடம் புகார் செய்வதையும் தடுக்கிறதா, தொகை எந்தத் தேதியில் வரும், அதன் மீதான வரி யாருடைய பொறுப்பு, அடுத்த நிறுவனம் விசாரித்தால் என்ன சொல்வார்கள் ஆகிய ஐந்தையும் பார்த்தாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் படி: வழக்கை ஒப்படைத்த பின்

வக்காலத்தில் கையெழுத்திடும்போது, என்ன வேலைக்கு அமர்த்துகிறீர்கள், கட்டணம் எவ்வளவு, மேல்முறையீடு அதில் அடங்குமா, சமரசத்துக்கு உங்கள் எழுத்துப்பூர்வச் சம்மதம் தேவையா என்பன அடங்கிய கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது வாங்குங்கள். மூலக் காகிதங்களை வீட்டில் வைத்துக்கொண்டு, நகல்களைக் கொடுங்கள். மூலம்தான் வேண்டுமென்றால் எண்ணோடு எழுதி ஒப்பம் வாங்குங்கள். மனு தாக்கலானதும் அதன் பதிவு எண்ணையும் அடுத்த விசாரணைத் தேதியையும் நீங்களே குறித்துவையுங்கள், ஏனென்றால் தேதி தவறி ஒருதலைப்பட்சமாக முடிந்த வழக்கை மீட்டெடுப்பது புதிதாக வழக்குப் போடுவதைவிடக் கடினம்.

வழக்கறிஞர் மேல் நம்பிக்கை போய்விட்டால் மாற்றிக்கொள்ளலாம். அது உங்கள் உரிமை. ஆனால் விசாரணைக்கு முந்தைய வாரத்தில் மாற்றாதீர்கள். பழையவருக்கு உரிய கட்டணத்தைத் தீர்த்து, கோப்பை முழுமையாகப் பெற்று, அதில் உங்கள் காலவரிசைத் தாளும் எண்ணிட்ட நகல்களும் பணிநீக்கக் கடிதம் வந்த உறையின் நகலும் இருக்கின்றனவா என்று ஒருமுறை சரிபார்த்த பிறகு, புதியவரின் மேசையில் வையுங்கள்.